பிரிண்டிசியில் மழை

சனிக்கிழமை ஏழரை ஆனால்
சமையலறையில் டிரானா வானொலியை அலற விடுவாள் அம்மா.
எஃகு இத்தனை சதவீதம், சோளம் இத்தனை டன்.
அந்தச் சத்தத்தின் மறைவில்
அப்பா மொட்டைமாடி ஏறுவார்,
செருப்பில்லாமல், காலுறையோடு.

கம்பு கரகரக்கும்.
ஜன்னலில் பாதி உடம்பு வெளியே தொங்க
அண்ணன் கெசிம் மேலே பார்த்துக் கிசுகிசுப்பான்:
வருது... வருது... போச்சு.
கொஞ்சம் தீவுப் பக்கம்.
போச்சு.
இப்ப வருது, தொடாதீங்க, அப்படியே இறங்குங்க.

ஞாயிறு விடிவதற்குள் ஆன்டெனா
மறுபடி டிரானாவைப் பார்த்துவிட வேண்டும்.
மறந்துபோன வீடு ஒன்று இருந்தது, மூன்றாம் தெருவில்.
இப்போது அங்கே வேறு குடும்பம்.

ஜன்னலுக்குப் போர்வை.
ஒரு கட்டில், நான்கு பேர்,
எட்டு முழங்கால்களுக்கு ஒரு கம்பளி.
பால் டப்பாவுக்குள் அப்பா பற்றவைத்த
ஏதோ ஒரு சுருள், ஏதோ ஒரு டிரான்சிஸ்டர்
கடலுக்கு அந்தப் பக்கத்துப் படத்தைப் பிடித்து
எங்கள் கறுப்பு வெள்ளைப் பெட்டியில்
பனி கொட்டக் கொட்ட இறக்கும்:
படிக்கட்டு,
படிக்கட்டில் இறங்கும் பதினெட்டுப் பெண்கள்,
தலைக்கு ஒரு முழுக் கோழியின் இறகு.

இவங்களுக்குக் குளிராதா?
ஒவ்வொரு வாரமும் கேட்பாள் அம்மா.
அங்கே ஹீட்டர் இருக்கும்,
ஒவ்வொரு வாரமும் சொல்வார் அப்பா.
அவ்வளவுதான் அவர்கள் பேசிய அரசியல்.

நான் காத்திருந்தது நடனத்துக்கு அல்ல,
அது முடிந்து வரும் வானிலைக்கு.
கோட்டுப் போட்ட ஒருவர், கையில் குச்சி,
பூட்ஸ் மாதிரி ஒரு நாடு,
குதிகாலில் பிரிண்டிசி.
அப்புறம் கொஞ்சம் கடல்.
கடலுக்கு அப்புறம் திரை முடிந்துவிடும்.
பெட்டியின் மரச்சட்டத்தில் விரல் வைத்து
இதோ விலோரா, இதோ நம்ம வீடு என்றேன் ஒருமுறை.
கெசிம் கையைத் தட்டிவிட்டான்:
ரேகை விழும்.

குதிகாலில் மேகம் ஒட்டினால்
ஒருநாள் பொறுத்து எங்கள் கொடித்துணி நனையும்.
இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.
எட்டு வயதில், நவம்பரில்,
வானம் கழுவிக் கவிழ்த்த தட்டாக இருந்த திங்கட்கிழமை,
அப்பாவின் கறுப்புக் குடையோடு
பள்ளிக்கூடம் போனேன்.

மழையா வருது?
வழியில் நின்று கேட்டாள் தெருக் கமிட்டி ஜெவாஹிரே.
எனக்கு ஜலதோஷம், என்றேன்.
குடை என்னைவிட உயரமாகிக்கொண்டே போனது.

வகுப்பில் துராதா டீச்சர் அதைப் பார்த்தார்.
நான் கதவுக்குப் பின்னால் பார்த்தேன்:
பழுப்பு நிறம், மடக்கியது, அவருடையது.
ஏழாம் வாய்ப்பாடு சொல், என்றார்.
ஏழேழு நாற்பத்தொன்பது வரை
ஒருவரை ஒருவர் பார்க்காமலே வந்து சேர்ந்தோம்.
பதினோரு மணிக்குக் கொட்டியது.
மற்ற முப்பது பேரும் ஜன்னலுக்கு ஓடினார்கள்.

அன்றிரவு அப்பா பெல்ட்டைக் கழற்றினார்.
திரும்ப மாட்டிக்கொண்டார்.
இனிமே, தெரிஞ்சாலும் நனையணும்.

மூன்று சனிக்கிழமை கம்பு அசையவில்லை.
கட்டிலில் அதே இடங்களில் உட்கார்ந்து
டிராக்டர் பார்த்தோம்.
நாலாவது சனிக்கிழமை வானொலி அலறியது.
போர்வையை நான்தான் மாட்டினேன்.

கெசிம் இப்போது பிரிண்டிசியிலேயே இருக்கிறான்,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான்.
அங்கே மழையா என்றால்
ஃபோன்ல பாரு என்கிறான்.
அப்பாவின் பால்கனியில் வட்டத் தட்டு, முந்நூறு சேனல்.
காதில் மெஷின் மாட்டியும்
சத்தத்தை மூன்றுக்கு மேல் வைக்க மாட்டார்.
படிக்கட்டில் இன்னும் பெண்கள் இறங்குகிறார்கள், கலரில்.
குளிராதா என்று கேட்க ஆள் இல்லை.

இன்று காலை எழுபது சதவீதம் என்றது ஃபோன்.
குடை வாசலில் தொங்கியது.
பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.
தெருமுனையில் பிடித்துக்கொண்டது.