நான்காம் தொனி

ஹெய்ஹே. குளிர் மைனஸ் இருபத்தெட்டு.
ஆறு கல்லாகிவிட்டது, அக்கரையில் என் ஊரின் புகைபோக்கி.
நடந்தே போய்விடலாம் போலிருக்கும்.
நடக்க அனுமதியில்லை.

பகலில் மர மண்டியில் கணக்கு,
வியாழன் இரவு சீன வகுப்பு.
தோங் ஆசிரியை என்னைவிடப் பதினோரு வயது இளையவர்.
பலகையில் எழுதினார்: கான்கா.
"இரண்டு எழுத்துக்கும் இடப்பக்கம் பாருங்கள்,
ஒரு கால் நொண்டுகிறது.
கான் தனியே எங்கும் வராது.
கா-வும் அப்படியே."
பொருள் கேட்டேன்.
விரலில் ஒட்டிய சாக்பீஸைத் துடைத்துக்கொண்டே
"நேரும்போது தெரியும்" என்றார்.

அதற்கு முந்தின வாரம்
பேருந்தில் கையுறை தொலைந்தது.
தொலைத்தல் என்ற வினையை நான்
'த்யூ லியென்' என்ற சொல்லோடுதான் படித்திருந்தேன்,
வினையைப் பிடித்து இழுக்க, வாலாக முகமும் வந்துவிட்டது.
"என் முகத்தைத் தொலைத்துவிட்டேன், எட்டாம் எண் பேருந்தில்."
ஓட்டுநர் சிரிக்கவில்லை.
இருக்கைகளுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு
இங்கே இல்லை, பணிமனையில் கேளுங்கள் என்றார்.

பு ஹாவ் யீஸ் சில்லறைக் காசு.
தோள் உரசினால் ஒன்று,
கடன் கேட்டால் ஒன்று,
கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டால் இரண்டு.
கோட்டுப் பையில் எப்போதும் குலுங்கும்.

கோட்டே இல்லாத இடம் ஒன்று உண்டு.

சனிக்கிழமை, பொதுக் குளியல்கூடம்.
நீல ரெக்ஸின் மேசையில் குப்புறக் கிடக்கிறேன்,
ச்சூ அக்கா முதுகைத் தேய்க்கிறாள்,
வாரம் முழுக்கச் சேர்ந்த அழுக்கு திரிதிரியாக உருள்கிறது.
அடுத்த மேசையில் இன்னொரு முதுகு, சிவந்து.
அது திரும்பியது.
கண்ணாடி இல்லாத தோங் ஆசிரியை.
வயிற்றில் தையல் தழும்பு.

இருவரும் ஒரே நொடியில் சில்லறையைத் தேடினோம்.
பு ஹாவ் யீஸ். பு ஹாவ் யீஸ்.
கால் விரல்கள் ரெக்ஸினைச் சுரண்டுகின்றன.
(இங்கே இளைஞர்கள் சொல்வார்கள்: கூச்சத்தில்
விரல்களாலேயே தரையைத் தோண்டி
மூன்று அறை வீடு கட்டிவிடலாம் என்று.
நான் சமையலறைவரை வந்துவிட்டேன்.)
நெற்றியில் வழிவது வியர்வையா அசடா தெரியவில்லை.

"எல்லாருக்கும் இருக்கிறதுதானே," ச்சூ அக்கா
என் தொடையில் ஓர் அறை வைத்தாள். "திரும்பிப் படு."

ஆவிக்குள்ளிருந்து குரல்:
"ஸோயா, வியாழன் சொல்லை வாக்கியத்தில் அமைக்கவும்."
அமைத்தேன்.
"கா நான்காம் தொனி. மேலிருந்து விழ வேண்டும்.
நீங்கள் படியில் இறங்குகிறீர்கள்."
மறுபடி விழுந்தேன். மறுபடி.
அடுத்த முறை அவரும் சேர்ந்து சொன்னார்.

தரையெல்லாம் சோப்பு.
அவருக்குக் கண்ணாடி இல்லை,
என் செருப்பில் ஒன்றைக் காணோம்.
என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.
ஷவர் வரை போனோம்.