பொருள்: எறும்புகள்

மூன்றாம் மாடி, பன்னிரண்டாம் அறை.
இந்த மாதத்தில் நான்காவது புகார்.
சன்னலுக்குக் கீழே கிளம்பும் எறும்புகள்
குப்பைக்கூடையைச் சட்டை செய்யாமல்
நேரே சுவருக்குள் போகின்றன.

நான் இந்தக் கட்டடத்தின் பராமரிப்பு அதிகாரி.
சென்னையில் இருக்கும் அத்தை மகளிடம்
கோட்டையில் வேலை என்று ஒருமுறை சொல்லிவிட்டேன்.
அவள் ஊரில் கோட்டை என்றால் முதலமைச்சர்.
"அப்போ நீ பெரிய ஆளுதான்" என்றாள்.

எனக்கு இங்கே நாற்பத்தொரு கழிப்பறை,
அடிக்கடி மயங்கும் இரண்டு மின்தூக்கி,
பீரங்கி நின்ற மேடையில்
பதினாறு ஏர்கான் கம்ப்ரசர்.
அவையும் கடலைப் பார்த்தே உறுமுகின்றன.
கடல்தான் நகர்ந்துவிட்டது,
மண்ணைக் கொட்டிக் கொட்டி
நாமே தள்ளிவிட்டோம்.
வாசலுக்கு வருகிறவர்கள்
எண் சீட்டு எடுத்துக்கொண்டு
அமைதியாக உட்காருகிறார்கள்.

பூச்சி மருந்துக் கம்பெனியிலிருந்து ஹஃபீஸ் வந்தான்.
முழங்காலிட்டு டார்ச் அடித்தான்.
"காக், இங்கே சாப்பாடு எதுவும் இல்லை.
சுவரைத்தான் தின்கின்றன."
துளைத்துப் பார்க்கலாமே என்றேன்.
பாதுகாக்கப்பட்ட சுவர்.
அரை அங்குலத் துளைக்கு
மூன்று படிவம், ஆறு வாரம்.

ஆறு வாரம் கழித்து
மரபுப் பிரிவின் பெக் ஹூன் வந்து
நகக்கண் அளவு சுரண்டி
ஆய்வகத்துக்கு அனுப்பினாள்.
பதில் ஒரே பக்கம்.
சுண்ணாம்பு. மணல். முட்டை வெள்ளைக்கரு.
தேங்காய் மட்டை ஊறிய நீர்.
வெல்லம்.

வெல்லமா!
பெக் ஹூனுக்கு அது ஒரு சதவீதம்.
எனக்கு நாக்கோரம் ஊறியது.

கீழ்த்தளத்துப் பலகையில் இருக்கிறது:
கட்டியவர்கள் கைதிகள், மதராஸிலிருந்து.
எண்ணிக்கை உண்டு. பெயர் இல்லை.
என்ன குற்றம் என்பதும் இல்லை.

ஒருவன் தொட்டியில் நின்று மிதித்திருப்பான்,
சுண்ணாம்பு பாதத்தைப் பொசுக்க.
காவலன் அந்தப் பக்கம் திரும்பிய நொடியில்
வெல்லக்கட்டியின் ஒரு மூலை
அவன் வாய்க்குள் போயிருக்கும்.
போகவில்லை என்றால்
எனக்கு மனிதர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அந்தத் திருட்டு எந்த ஏட்டிலும் ஏறவில்லை.
ஆனால் ஒரு வாய் வெல்லம் குறைந்த கலவை
சுவரில் எங்கோ ஓரிடத்தில்
கொஞ்சம் பிடிமானம் குறைந்துதானே இருக்கும்?
எறும்பு நுழையும் அளவுக்கு,
அவ்வளவே அவ்வளவு.

மாலை ஆறரை. புகாரை மூட வேண்டும்.
கணினி காரணம் கேட்கிறது:
உணவுக் கழிவு, செடிகொடி, பிற.
பிற.
விளக்கம்?
'இனிப்பு' என்று தட்டினேன்.
அழித்தேன்.
'பழைய கட்டடம்' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

பன்னிரண்டாம் அறை ஸுல்கிஃப்லி
என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.
தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில்
பிஸ்கட் டப்பாவை வைத்திருக்கிறார்.
நம் கோட்டைக்கு ஒருவழியாக
அகழி வந்துவிட்டது.

எறும்புகள் அந்தப் பக்கம்
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.