செவுள் சிவப்பு

ரயில் ஓட்டும் வேலை.
எழுத்துத் தேர்வில் தேறிய அண்ணன்
பெரம்பூர் ஆஸ்பத்திரியில்
புள்ளி வைத்த அட்டையைப் பார்த்து
"இருபத்தொண்ணு சார்" என்றானாம், சத்தமாக.
அதில் இருந்தது எழுபத்து நாலு.

டாக்டர் அம்மாவை உட்காரவைத்து
வட்டமும் சதுரமும் கோடுமாகப் படம் போட்டார்.
"உங்க வழியா வந்திருக்கு.
உங்களுக்கு ஒண்ணுமில்ல."
இரண்டு வாக்கியத்தையும் ஒட்டவைக்க முடியாமல்
பஸ்ஸில் வழிநெடுக
கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

காசிமேட்டில் விடிகாலை மூன்று மணிக்கு,
குண்டு பல்பு வெளிச்சத்தில்,
செவுளைத் தூக்கிப் பார்த்தே
நேற்றைய வஞ்சிரத்தைத் தள்ளிவிடுகிறவள்.
அவள் வழியாகவா?

ராத்திரி பாத்திரம் கழுவும்போது சொன்னாள்:
அவள் அப்பா தேசப்பன்
படகுக்குப் பச்சை அடிச்சிருக்கேன் என்று
குப்பத்தையே கூட்டினாராம்.
போய்ப் பார்த்தால் காவி.
குடிச்சிட்டு அடிச்சியா என்று சிரித்தார்களாம்.
ஆமாம், குடிதான் என்று அவரும் சிரித்தாராம்,
சாகும்வரை ஒரு சொட்டு தொடாத மனுசன்.

எனக்கு ஏழாம் மாதம்.
என்னிடமும் இருக்கலாம், பாதிக்குப் பாதி.
காசு எப்போதோ சுண்டியாகிவிட்டது,
விழுந்த கைதான் இன்னும் மூடியிருக்கிறது.

அண்ணன் இப்போது அம்மாவோடு ஏலத்துக்குப் போகிறான்.
செவுளைப் பார்ப்பதில்லை.
விரலால் அமுக்குகிறான், மோந்து பார்க்கிறான்.
நேற்று அம்மா பொறுக்கிய சங்கராவில்
ஒன்றை எடுத்து வெளியே போட்டான்.
அம்மா குனிந்து மோந்தாள்.
கூடையில் திருப்பிப் போடவில்லை.