மறுபக்கத்து மான்

பழைய ஆட்டுத்தோலை மேசையில் விரித்து
துப்பாக்கியை அதன்மேல் கிடத்தினேன்.
முதலில் எப்போதும் குண்டறையைத் திறந்து பார்ப்பது.
காலி. சரி.
வெளியே லூயிஸ்டவுன் தெருவில்
மார்ச் மாதப் பனி சேறாகிக்கொண்டிருந்தது.

ஐம்பத்தெட்டில் செய்தது, என்றாள் ஆர்டிஸ் ஹௌகன்,
கையுறையைக் கழற்றாமல்.
செய்தவர் வென்டல் க்ரோஸ்.
பகலில் பொய்ப்பல் கட்டுவார், ராத்திரியில் இது.
"உயிலில் என் பெயருக்கு எழுதியிருந்தார்.
அவர் பெண்டாட்டிக்கும் அது புதுச் செய்திதான்."

அந்தக் காலத்து மினுக்கு எனக்கு ஆகாது.
மேப்பிள் கட்டையின் புலிவரி போதாதா?
சாய்சதுரத்துக்குள் சாய்சதுரம்,
வெள்ளைக் கோடு, கருங்காலி மூக்கு,
போட்டிக்கு நிறுத்திய குதிரையின் வாலில்
ரிப்பன் கட்டியது போல.
ஆனாலும் நகத்தை ஓட்டினேன்.
மரம் எங்கே முடிகிறது,
முத்துச்சிப்பி எங்கே ஆரம்பிக்கிறது,
நகத்துக்குத் தெரியவில்லை.
நாற்பது குளிர்காலம் சுருங்கி விரிந்த மரம்
ஒரு முடி நுழைய இடம் விடவில்லை.
பிடிக்காத ஒன்றைப் பாராட்டவேண்டி வருவது
கொஞ்சம் கசப்புதான்.

ஊசியைக் காய்ச்சி
ஒரு வெள்ளைச் சதுரத்தின் ஓரத்தைத் தொட்டேன்.
கற்பூரம் மணந்தது.
செல்லுலாய்டு. தந்தமில்லை, என்று எழுதினேன்.

கன்னம் சாய்க்கும் பக்கத்தில் ஓர் எல்க் மான்,
வால்நட்டில் வெட்டிப் பதித்தது,
தலையைப் பின்னால் எறிந்து கத்துகிறது.
கண்ணில் ஊதா விளக்கை அடித்தேன்.
நீலவெண்மையாய் விழித்துக்கொண்டது.
இந்தப் பிளாஸ்டிக் அப்படி விழிக்காது.
அது பல்.
எல்க்கின் மேல்தாடையில் இரண்டே இரண்டு இருக்கும்,
இங்கே வேட்டைக்காரர்கள்
இறைச்சியை அறுக்கும் முன்பே
பெயர்த்துப் பையில் போட்டுக்கொள்வார்கள்.
சாதா வெளிச்சத்தில் பார்த்தால்
நடுவே தேநீர்க் கறை போல ஒரு வளையம்.

திருப்பிப் போட்டேன்.
மறுபக்கமும் அதே மான், அதே கத்தல்.
கண்ணுக்கான குழியில் கறுப்பு மெழுகு.
மெழுகைக் கிளறினேன்:
ஓரம் சிதையவில்லை, பசையின் தடம் இல்லை.
விழுந்ததில்லை இது, பிடுங்கியதுமில்லை.
என்றைக்குமே வைக்கவில்லை.

பொய்ப்பல் கட்டுகிறவனுக்கு
ஒரு பல்லா கிடைக்காது?

'குறைகள்' கட்டத்தில்
'ஒரு கண் இல்லை' என்று எழுதி
படிவத்தை அவள் பக்கம் தள்ளினேன்.
கையெழுத்துப் போடக் கையுறையைக் கழற்றினாள்.
விளக்கை அணைக்க மறந்திருந்தேன்.
அவள் விரலில்,
தேய்ந்த வெள்ளி வளையத்தின் நடுவில்,
நீலவெண்மையாய் ஒன்று விழித்தது.

நானும் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"இல்லாத கண்ணுக்கு எவ்வளவு கழிப்பீர்கள்?"
"இருநூறு டாலர்."
"அவ்வளவுதானா," என்றாள்.

பேனாவை மூடி வைத்தாள்.
கையுறையை நிதானமாக,
ஒவ்வொரு விரலாக மாட்டிக்கொண்டாள்.