பதினேழாம் கேள்வி

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடினால்
எனக்குத் தரவு கிடைக்கும்.
மன்னார்குடி பஸ் இஞ்சினை அணைக்கும்,
டூவீலர்கள் ஒற்றைக் காலூன்றி நிற்கும்,
நான் படிவங்களோடு இறங்குவேன்.
முந்நூற்றைம்பது பேர் வேண்டும் என்றார் நெறியாளர்.
சரக்கு ரயில் ஒன்றுக்கு ஆறு பேர்,
பாசஞ்சருக்கு மூன்று.
வசதி மாதிரி என்று இதற்கு
முறையியலில் ஒரு கௌரவமான பெயர் இருக்கிறது.

தலைப்பு:
வெண்ணாற்றுப் பாசனப் பகுதியில்
மளிகைக் கடன்சார் நுகர்வோர் நடத்தை.

'முற்றிலும் உடன்படுகிறேன்' தொடங்கி
'முற்றிலும் மறுக்கிறேன்' வரை
ஐந்து கட்டங்கள்.
"ஆமாங்கிறது ஒண்ணுதானே,
அதுல என்னம்மா கால் ஆமாம், அரை ஆமாம்?"
என்றார் தையல்நாயகி,
நடவு முடிந்து
கெண்டைக்கால் சேறு காயாமல் நின்றவர்.

மாத வருமானம் கேட்டேன்.
"தண்ணி வந்த வருசத்துக்கா
வராத வருசத்துக்கா?" என்றார் பக்கிரிசாமி.
இரண்டையும் எழுத இடமில்லை.
மேட்டூரை எந்த மாறியில் சேர்ப்பது என்று
இன்றுவரை தெரியவில்லை.

கேள்வி பதினேழு:
'கடன் சொல்லும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.'

அதுவரை ஓடிவந்த பேனாக்கள்
அங்கே வந்து நின்றன.
சிலர் தண்டவாளத்தைப் பார்த்தார்கள்.
ஒருவர் ஒன்றிலும் ஐந்திலும் டிக் அடித்தார்.
ஒருத்தி முனையை அழுத்தி
தாளில் ஓட்டையே போட்டாள்.
"இதை நீயே போட்டுக்க" என்று
படிவத்தைத் திருப்பித் தந்தவர்
போகிற போக்கில்
"உனக்கு எப்படி?" என்று கேட்டார்.
கேட் திறந்துவிட்டது.

கணினி சொன்னது:
ஆல்ஃபா 0.62.
நம்பகத்தன்மை போதவில்லை.
பதினேழை எடுத்துவிட்டால் 0.79.
நெறியாளர் அந்த வரிசையில் விரல் வைத்தார்.
"மத்ததோட ஒத்துப்போகல, தூக்கிடுங்க."
தூக்கினேன்.
பதினெட்டு, பதினேழாயிற்று.
வேறொன்றும் நடக்கவில்லை.

கௌரவ விரிவுரையாளருக்கு
வைகாசியில் நின்ற சம்பளம்
ஆவணி பிறந்தும் வரவில்லை.
நஜ்முதீன் கடையில்
இட்லி அரிசி இரண்டு கிலோ,
நல்லெண்ணெய் அரை லிட்டர்,
ஒரு பேனா ரீஃபில்.
பையை வாங்கிக்கொண்டு
சொல்ல வேண்டிய வாக்கியத்தை
நாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.
"எழுதிக்கவா?" என்றார் அவர்.

நீள நோட்டு.
எழுதும்போது இடது உள்ளங்கையால்
மேலே இருக்கும் பெயர்களை மூடிக்கொள்வார்.
நாற்பத்தோராம் ஆளும்
நூற்றுப்பன்னிரண்டாம் ஆளும்
அந்தக் கைக்கு அடியில் இருக்கலாம்.
எனக்கு அங்கே 'காலேஜ்' என்று பெயர்.
அடுத்து வருபவருக்கு
என்னையும் மூடுவார்.

கடன் 'சொல்லும்போது' என்றல்லவா கேட்டிருந்தேன்?
இந்தக் கடையில் யாரையும்
அவர் சொல்லவே விட்டதில்லை.
தவறு வினைச்சொல்லில்.
ஆனால் அந்த ஓட்டை?
அது வினைச்சொல்லால் விழுந்த ஓட்டை இல்லை.

செவ்வாய்க்கிழமை
கும்பகோணத்து மொத்த வியாபாரியின் வேன் நின்றது.
இருபத்தைந்து வயதுகூட இராத வசூல் பையன்
பில் கட்டைத் தொடையில் தட்டிக்கொண்டு நிற்க,
நஜ்முதீன் குரலைத் தாழ்த்தி
அறுப்பு முடியட்டும் தம்பி,
கொள்முதல் நிலையத்தில் பணம் போடட்டும் தம்பி,
என்று ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார்.
பருப்பு மூட்டை இறங்கவில்லை.
"எழுதிக்கவா?" என்று
பையன் கேட்கவில்லை.
அவருடைய இடது கை
மேசைமேல் எதையோ மூடியிருந்தது.
அங்கே நோட்டு இல்லை.

அவர் என் மாதிரியில் வரமாட்டார்.
வரையறைப்படி அவர் நுகர்வோர் அல்லர்.

பைக்கணக்கில் வாங்க வந்ததை மறந்து
ஸ்டேஷன் பக்கம் நடந்தேன்.
கேட் மூடியிருந்தது.
இரண்டு பக்கமும் நல்ல கூட்டம்.
கையில் படிவம் ஒன்றுகூட இல்லை.