முப்பத்தெட்டு யார்

இறக்கைக்குத் துணி தைத்தவள் நான்.
முப்பத்தெட்டு யார், வெள்ளைப் பருத்தி.
யாருக்கு நூற்றிருபது ரூபாய் கூலி.
அதில் எண்ணூறு இன்னும் வரவேண்டியிருக்கிறது.

கரிப்பட்டமுறிப்பில் காணி வாங்கி
தகரக் கொட்டகை போட்டு
பழைய விமானங்களைக் கட்டி வைத்தவர் புஷ்பகாந்தன்.
பெயருக்குள்ளேயே ஒன்று நிற்குதே என்று
பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.
ஏலத்தில் எடுத்த டகோட்டாவின் முன்பாதி,
தேயிலைக்கு மருந்தடித்த ஒரு பைப்பர்,
வால் இல்லாத ஹெலி,
கடைசியாக அந்த இரட்டை இறக்கைக்காரி,
டைகர் மொத்.
லொறி வந்த அன்றே விசாரணை தொடங்கியது.
டைகர் ஏன்? யார் வைத்த பெயர்?
வெள்ளைக்காரன் வைத்தது ஐயா, நான் பிறக்க முதல்.
மூன்றாம் தரம் வந்து போன பிறகு
தூரிகை எடுத்து முதற்சொல்லை அழித்தார்.
மொத் எண்டால் என்ன, கேட்டேன்.
விட்டில், என்றார்.

எனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை.
பிடித்தும் இருந்தது.
இதே மெஷினில், இதே மிதியில்தான்
என் கூறைச்சீலையை வெட்டி மண்மூட்டை தைத்தேன்,
இரணைப்பாலையில், தலைக்கு மேல் கிபிர் சுற்றச் சுற்ற.
விசரோ உங்களுக்கு, இதுகளைக் கொண்டந்து
வளவுக்குள்ள வைக்க?
“பதினெட்டு வருசம் வயித்தைத்தான் பாத்தனான்.
முதுகு எப்பிடி இருக்கும் எண்டு பாக்க வேணும்.”
ஏணி சாத்தி ஏற்றிக் காட்டினார்.
டகோட்டாவின் முதுகில்
ஒரு கோழி அடைகிடந்தது.

ஆவணிச் செவ்வாய், பின்னேரம் மூன்று மணி.
வயலில் வைக்கோல் எரித்த நெருப்பு என்கிறார்கள்.
வயரிங் என்கிறார்கள்.
துணிக்குப் பூசிய வார்னிஷ் காத்திருந்ததுபோல் பிடித்தது.
என் தையல் முழுவதும் ஒரே மூச்சில் போக
மர விலாக்கள் தெரிந்தன.
வால் இடிந்து கீழே இறங்க
மூக்கு மேலே பார்த்தது.
ஏறப்போகிறது என்று நினைத்தேன்.
ஏறியிருந்தால் கைதட்டியிருப்பேன், அதுதான் பயமாயிருந்தது.

வாளியும் குடமுமாக ஊர் வந்தது.
கிளிநொச்சியிலிருந்து தீயணைப்பு வண்டி
முக்கால் மணித்தியாலம் பிந்தி வந்தது.
தண்ணீர் பட்டதும் ஹெலியின் வயிறு
வெள்ளையாய்ச் சீறியது.
மண், மண்ணைப் போடுங்கோ, என்று கத்தினார்.
என் கால் தானாக மெஷினைத் தேடிற்று.
அப்போதுதான் ஒட்சிசன் சிலிண்டர் வெடித்தது.

விழுந்தோம்.
குப்புற, வாயைத் திறந்து, காதைப் பொத்தி,
நெஞ்சு நிலத்தில் படாமல் முழங்கை ஊன்றி.
ஒருவரும் சொல்லவில்லை. கடைக்காரர், கிராம சேவகர்,
தண்ணீர்க் குழாயை விட்டுவிட்டு
தீயணைப்புக்காரர் இருவரும்.
நின்றவை பிள்ளைகள்.
பதினைந்து வயதுக்குக் கீழே அத்தனை பேரும்,
ஐஸ்பழம் முழங்கைவரை வழிய,
நெருப்பை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு.
ஏனம்மா எல்லாரும் படுத்தனீங்கள், என்றது ஒன்று.
வாய்க்குள் மண். துப்பினேன்.

புகை அடங்க முதல்
இரும்புக்காரன் தராசோடு வந்துவிட்டான்.
ஒரு பக்கப் புருவம் இல்லாமல்
புஷ்பகாந்தன் என்னிடம் நடந்து வந்தார்.
எண்ணூறை நீட்டினார்.
வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்,
வாங்கி எண்ணினேன். சரியாக இருந்தது.
கோழி? என்றேன்.
முட்டையை விட்டிட்டுப்
பறந்திட்டுது, என்றார்.