மூன்றாம் படி, பிப்ரவரி

மலையை முதலில் எக்செல்லில் கரைத்தேன்.
ஆண்டுக்கு ஒரு நிறம்.
மஞ்சள், முதல் ஆண்டு:
மேல்மண், அதன் கீழ் ஆறு மீட்டர் நுரைக்கல்.
கையில் அள்ளினால் பொரி மாதிரி, கனமே இல்லை.
இப்போது ஏரி கிடக்கும் இடத்திலிருந்து
பதின்மூவாயிரம் ஆண்டுக்கு முன்
பறந்து வந்து விழுந்தது.
அட்டவணையில் அதன் பெயர் ‘அகற்ற வேண்டியது’.

அதற்கும் கீழேதான் காசு.
கருங்கல் என்றால் பாதி பொய்.
குழம்பாய் வந்து, ஆறும்போது மூச்சுவிட்ட கல் இது.
உடம்பெல்லாம் துளை.
இதில் அம்மி செய்தால் கொத்த ஆள் வேண்டாம்,
தேயத் தேயப் புதுத் துளை திறந்து
தானே கூராகிக்கொள்ளும்.

கல் என்ற சொல்லுக்கு எங்களிடம் மூன்று வேலை:
கிடப்பது, தோண்டுவது, படிப்பது.
எனக்குச் சம்பளம் இரண்டாவதற்கு மட்டும்.

படியின் உயரம் பன்னிரண்டு மீட்டர்.
லாரி நாளுக்கு நாற்பத்திரண்டு,
எல்லாம் மையன் நகரத்துப் பாதையில்,
ஒன்றுகூட எட்டர்பாக் ஊருக்குள் நுழையாது.
வெடி வியாழன் மட்டும், பதினொன்றரைக்கு.
பன்னிரண்டரைக்குப் பாலர் பள்ளியில் தூங்கவைக்கிறார்கள்.
சட்டம் இதைக் கேட்கவில்லை,
நான்தான் மூன்று முறை போன் போட்டேன்.

ஆட்சேபக் கூட்டம் தீயணைப்பு நிலையத்தில்.
வண்டியை மழையில் நிறுத்திவிட்டு
உள்ளே நாற்காலி போட்டிருந்தார்கள்.
ஹெட்விக் ஷ்மிட்கென் ஒரு கவரைப் பிரித்தார்:
நிலவறைச் சுவரின் விரிசல், எட்டுப் படங்கள்.
எண்பத்தேழில் வந்த விரிசல் என்று அவரே சொன்னார்.
“அப்போது குவாரியே இல்லை.
அப்படியானால் இனிமேல் எப்படி இருக்கும், யோசியுங்கள்.”
எல்லோரும் சிரித்தார்கள்.
நான் குறித்துக்கொண்டேன்:
அதிர்வுமானி ஒன்று, கதவு எண் ஒன்பது.

பின்வரிசையில் ஒருவர்,
நீங்கள் எந்த ஊர் என்றார்.
கோப்லென்ஸ்.
அதற்கு முன்?
போன்.
அதற்கும் முன்?
அதற்கும் முன் இந்த இடம் எரிந்துகொண்டிருந்தது ஐயா.

ஜனவரிக் கடைசியில் முதலாளி மெர்டெஸ் அழைத்தார்.
குரலில் பாதி தொண்டையிலேயே நின்றது.
“ஆந்தை.”

பழைய வெட்டின் மூன்றாம் படியில்,
வடக்குச் சுவரில், ஒரு விளிம்பில்,
கொம்பன் ஆந்தை, ஜோடியாக.
இயற்கைக் காப்பு அலுவலகத்துப் பையன் யோர்க்
தொலைநோக்கியை என்னிடம் தந்தான்.
“மலையைச் சும்மா விட்டிருந்தால் வந்திருக்காது.
நீங்கள் வெட்டினீர்கள், அதற்குச் சுவர் கிடைத்தது.”
லத்தீனில் அதன் பெயர் பூபோ பூபோ,
கூப்பிட்டு, கேட்காததால் இன்னொரு தரம் கூப்பிட்டது போல.
தமிழில் குடிஞை என்றொரு சொல் உண்டு,
மலை இருக்கும் பாட்டுகளில் மட்டும் குடியிருப்பது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பிப்ரவரி முதல் ஜூலை வரை
மூன்றாம் படியை வெள்ளையாக்கினேன்.
வெடி அட்டவணை முழுக்க ஆகஸ்டுக்கு நகர்ந்தது.
“ஒரு முட்டைக்கு எத்தனை டன்?” என்றார் மெர்டெஸ்.
கேலிக்குத்தான் கேட்டார். நான் கணக்குப் போட்டேன்.
மூன்று முட்டை என்று வைத்தால்,
முட்டைக்கு ஆறாயிரம்.
வெகுநேரம் பேசவில்லை அவர்.
பிறகு, “நான்காவது இட்டால் மலிவாகும்” என்றார்.

தோண்டும் முன்பே மூடும் படத்தையும் தர வேண்டும் இங்கே.
முப்பதாம் ஆண்டுத் தாள்: பச்சை, சரிவு, புல்.
அதில் என் கையாலேயே எழுதிய வரி:
வடக்குச் சுவரை மண்ணிட்டு மூடுக.
அதை அடித்தேன்.
பதிலுக்கு ஒன்றும் எழுத வரவில்லை,
வெற்றுக் கட்டத்தோடே அனுப்பினேன்.

வியாழன், பதினொன்று ஐம்பதுக்கு
அலுவலகத்தில் மணி அடித்தது.
ஹெட்விக்.
சுவரில் கை வைத்தபடி
நிலவறையில் இருபது நிமிடம் நின்றாராம்.
ஒன்றுமே வரவில்லை என்று
புகார் எழுதிக்கொள்ளச் சொன்னார்.